சாளரத் தலைப்பை யார் எழுத வேண்டும்?

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தரவுத்தளக் கோப்புறை ஒன்றை அழிக்கக் கட்டளை கொடுத்தார். அழிக்க நினைத்தது துணை சர்வரான டிபி2-இல். கட்டளை ஓடியதோ முதன்மை சர்வரான டிபி1-இல். ஓரிரு நொடியில் தவறு புரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு கடைசிவரை மீளவே இல்லை. நிறுவனம் எதையும் ஒளிக்காமல் வெளியிட்ட அறிக்கையில், காப்புப் பிரதிகள் ஒழுங்காக எடுக்கப்படாமல் போனதுதான் பெரிய குறை. அது நியாயமும்கூட. ஆனால் அதே அறிக்கை பட்டியலிட்ட திருத்த வேலைகளுக்குள் சின்னதாக ஒன்று இருந்தது: எல்லா சர்வர்களிலும் ப்ராம்ப்ட்டை மாற்றி, இது எந்த சர்வர், எந்தச் சூழல் என்பது பார்த்தவுடன் தெரியும்படி செய்ய வேண்டும். கட்டளையில் எழுத்துப் பிழை இல்லை. நின்ற இடம்தான் வேறு. டெபியனில் மாலி-கார்ட் என்றொரு சிறிய பேக்கேஜ் உண்டு. எஸ்எஸ்எச் வழியாக வந்தவர் கணினியை நிறுத்தவோ மறுதொடக்கம் செய்யவோ முயன்றால், அந்தக் கணினியின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லும். பெயர் பொருந்தினால்தான் விடும். இப்படி ஒன்றை எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதே, ‘நான் இப்போது எங்கே இருக்கிறேன்’ என்ற கேள்வியில் மனிதர்கள் எவ்வளவு சுலபமாகத் தவறுகிறார்கள் என்பதற்குச் சாட்சி.

அந்தக் கேள்விக்கு விடை எழுத டெர்மினலில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ப்ராம்ப்ட், மற்றது சாளரத்தின் தலைப்புப் பட்டை. ப்ராம்ப்ட்டே எல்லாவற்றையும் சொல்லும்போது தலைப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ப்ராம்ப்ட் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு லாக் கோப்பு ஓடத் தொடங்கினால் சில நொடிகளில் அது திரைக்கு மேலே போய்விடும். விம், டாப் போன்றவற்றைத் திறந்தால் திரை முழுவதையும் அவையே எடுத்துக்கொள்ளும். வேறு சாளரத்துக்கு அடியில் கிடக்கும் டெர்மினலின் ப்ராம்ப்ட் கண்ணிலேயே படாது; சாளரங்களை மாற்றும்போது வரிசையாக நமக்குத் தெரிவது தலைப்புகள்தான். ஆறு சாளரங்கள் திறந்து ஆறிலும் ‘டெர்மினல்’ என்றே எழுதியிருந்தால், சரியானதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே தலைப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை யார் எழுதுவது, எப்போது எழுதுவது என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் இதற்கு நாலைந்து விடைகள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. நாம் நிற்கும் கணினியில் ஓடும் ஷெல்தான் தலைப்பை எழுத வேண்டும். ஒவ்வொரு ப்ராம்ப்ட்டுக்கு முன்பும், அந்த நேரத்து நிலையைப் பார்த்து, புதிதாக எழுத வேண்டும். பொய் சொல்லும் தலைப்பு, தலைப்பே இல்லாததைவிட மோசம்.

முதலில் தலைப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். இன்றைய டெர்மினல் மென்பொருள்களுக்கெல்லாம் மூத்ததான எக்ஸ்டெர்ம், 1984-இல் மார்க் வாண்டவோர்ட் என்ற மாணவர் எழுதத் தொடங்கியது. 1996 முதல் தாமஸ் டிக்கி பராமரித்து வருகிறார். டெக் நிறுவனம் 1978-இல் விற்பனைக்கு விட்ட விடி100 போன்ற பெட்டிகளை மென்பொருளில் செய்து காட்டுவது அதன் வேலை. அந்தப் பெட்டிகளுக்குச் சாளரமும் கிடையாது, தலைப்பும் கிடையாது. ஆனால் எக்மா-48 தரநிலை, ‘ஆபரேட்டிங் சிஸ்டம் கமாண்ட்’ என்று ஒரு கட்டுப்பாட்டு வரிசையை வகுத்து, அதற்குள் என்ன எழுதுவது என்பதைச் செய்பவரிடமே விட்டிருந்தது. அந்தக் காலி இடத்தை எக்ஸ்டெர்ம் பயன்படுத்திக்கொண்டது. எஸ்கேப் எழுத்து, அடுத்து ] குறி, பிறகு ஓர் எண், ஓர் அரைப்புள்ளி, நாம் விரும்பும் வாசகம், கடைசியில் பெல் எழுத்து. இவ்வளவுதான். எண் 2 என்றால் சாளரத் தலைப்பு, 1 என்றால் ஐகானின் பெயர், 0 என்றால் இரண்டும். தரநிலைப்படி முடிவுக்குறி பெல் அல்ல. எஸ்கேப்பும் பின்சாய்கோடும் சேர்ந்த ‘ஸ்ட்ரிங் டெர்மினேட்டர்’. எக்ஸ்டெர்ம் இரண்டையும் ஏற்கிறது. வாசகம் வந்து சேர்ந்ததும் அதை டபிள்யூஎம்_நேம் என்ற பண்பில் எழுதிவைக்கும். சாளர மேலாளர் அதைப் படித்துப் பட்டையில் வரையும்.

இதில் கவனிக்க வேண்டியது, தலைப்புக்கென்று தனிப் பாதை எதுவும் இல்லை என்பது. ஒரு கட்டளையின் வெளியீடு வரும் அதே எழுத்தோட்டத்தில்தான் தலைப்பும் வருகிறது. அதனால்தான் வேறொரு கண்டத்தில், திரையே இல்லாத ஓர் அறையில் இருக்கும் சர்வர், நம் மேசையில் இருக்கும் சாளரத்தின் நெற்றியில் எழுத முடிகிறது. நடுவில் இருக்கும் எஸ்எஸ்எச்சுக்குச் சாளரம் என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. இந்த எளிமைதான் இந்த முறையின் பலம். பின்னால் பார்க்கப்போகும் ஆபத்துக்கு வேரும் இதுவே. இன்னொரு விஷயமும் உண்டு. தலைப்பை எழுதிவிடலாம், முன்பு என்ன எழுதியிருந்தது என்பதை நம்பிக் கேட்டுப் பெற முடியாது. விம் இதற்குக் கண்முன் இருக்கும் சான்று. தலைப்பை மாற்றும் வசதியை இயக்கினால், திறந்த கோப்பின் பெயரை அது தலைப்பாக எழுதும். மூடும்போது பழைய தலைப்பு என்னவென்று தெரியாவிட்டால் ‘தேங்க்ஸ் ஃபார் ஃப்ளையிங் விம்’ என்று எழுதிவிட்டுப் போகும். விம்மைக் குறை சொல்ல முடியாது; கையில் பழைய வாசகம் இல்லாத நிரல் வேறு எதை எழுதும்? பிற்காலத்தில் எக்ஸ்டெர்ம், பழைய தலைப்பை அடுக்கில் வைத்துத் திரும்ப எடுக்கும் வசதியைச் சேர்த்தது. எல்லா டெர்மினலிலும் எல்லா நிரலிலும் அதை எதிர்பார்க்க முடியாது. ஒரு நிரல் தலைப்பைக் கலைத்துவிட்டுப் போனால், யாராவது மறுபடி எழுதித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இந்தப் பாடம் படியப் பல ஆண்டுகள் ஆயின. முதல் தலைமுறையினர் சிடி கட்டளையைப் பிடித்தார்கள். சி ஷெல்லில் அதே பெயரில் ஓர் அலையஸ், கார்ன் ஷெல்லில் ஒரு ஃபங்ஷன். கோப்புறை மாறியதும் தலைப்பு எழுதப்படும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோப்புறை மாறுவது சிடி வழியாக மட்டும் அல்ல. புஷ்டி, பாப்டி இருக்கின்றன. அவற்றுக்கும் ஒவ்வோர் அலையஸ் எழுத வேண்டும். டிசிஷ் இதைச் சரியாகப் புரிந்துகொண்டு சிடபிள்யூடிசிஎம்டி என்ற சிறப்பு அலையஸைத் தந்தது. எந்த வழியாகக் கோப்புறை மாறினாலும் அது ஓடும். டிசிஷ் கையேடே அதற்கு எடுத்துக்காட்டாக எக்ஸ்டெர்மின் தலைப்பில் கணினிப் பெயரையும் கோப்புறையையும் எழுதும் ஒரு வரியைத்தான் தருகிறது. இசட்ஷெல்லின் சிஎச்பிடபிள்யூடியும் இதே வகை. இருந்தும் ஓட்டை அடைபடவில்லை. எஸ்எஸ்எச்சில் ஒரு சர்வருக்குப் போகிறோம். அந்த சர்வர் தன் பெயரைத் தலைப்பில் எழுதுகிறது. வேலை முடிந்து வெளியே வருகிறோம். நம் கணினியில் கோப்புறை மாறவில்லை. எனவே எதுவும் ஓடாது. நாம் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் தலைப்பில் சர்வரின் பெயரே நிற்கும். அதே கணம் இன்னொரு சாளரத்தில் உண்மையாகவே அந்த சர்வர் திறந்திருந்தால், ஒரே பெயரில் இரண்டு சாளரங்கள். கிட்லேப் சம்பவத்துக்குத் தேவையான மூலப்பொருள் இதுதான். நிகழ்வைத் துரத்திப் பிடிக்கும் எந்த முறையும், தான் எதிர்பார்க்காத நிகழ்வு ஒன்றிடம் தோற்கும். நிலையைப் பார்த்து எழுதும் முறைக்கு அந்தக் கவலை இல்லை. நடுவில் என்ன நடந்திருந்தாலும் அடுத்த ப்ராம்ப்ட்டில் சரியாகிவிடும்.

ப்ராம்ப்ட் நேரத்தைப் பிடிக்க ஒவ்வொரு ஷெல்லும் ஒரு கொக்கி தருகிறது. டிசிஷ்ஷிலும் இசட்ஷெல்லிலும் பிரீசிஎம்டி. பாஷில் ப்ராம்ப்ட்_கமாண்ட் என்ற மாறி. ஃபிஷ்ஷில் ஃபிஷ்_டைட்டில் என்று தலைப்புக்காகவே ஒரு ஃபங்ஷன். போசிக்ஸ் தரநிலையில் இப்படிக் கொக்கி எதுவும் இல்லை. ஆனாலும் ப்ராம்ப்ட்டின் வாசகத்தை வைத்திருக்கும் பிஎஸ்1 மாறிக்குள் வரும் மற்ற மாறிகளை விரித்துக் காட்ட வேண்டும் என்று அது சொல்வதால், டேஷ் போன்ற எளிய ஷெல்லில்கூட பிஎஸ்1-க்குள்ளேயே தலைப்பை வைத்துவிடலாம். பாஷில் இரண்டு மரபுகள் வளர்ந்தன. டெபியனும் உபுண்டுவும் பயனரின் பாஷ்ஆர்சி கோப்பில் தலைப்பை பிஎஸ்1-க்குள் திணிக்கின்றன. ஃபெடோராவும் ரெட் ஹேட்டும் அதை ப்ராம்ப்ட்_கமாண்டில் தனியாக வைக்கின்றன. நான் ஃபெடோரா பக்கம். தலைப்பை பிஎஸ்1-க்குள் வைத்தால், அந்த எழுத்துகள் திரையில் இடம் பிடிக்காதவை என்று பாஷுக்குச் சொல்ல முன்னால் \[ என்றும் பின்னால் \] என்றும் போட வேண்டும். மறந்தால் பாஷ் வரியின் அகலத்தைத் தப்பாக எண்ணும். நீளமான கட்டளை அடுத்த வரிக்கு மடங்க வேண்டிய இடத்தில் அதே வரியின் தொடக்கத்தில் வந்து பழைய எழுத்துகள்மேல் எழுதும். திரையில் ஒன்று, ஷெல்லின் கையில் வேறொன்று என்ற நிலையில் அழிக்கும் கட்டளை கொடுப்பதை யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, பயனர் தன் ப்ராம்ப்ட்டை மாற்றிக்கொண்டால் தலைப்பும் சொல்லாமல் போய்விடும். ஃபெடோரா முறைக்கும் ஒரு குறை இருந்தது: ப்ராம்ப்ட்_கமாண்ட் ஒரே ஒரு சரம் என்பதால், அடுத்து வந்த கருவி அதில் தன் கட்டளையை எழுதும்போது முந்தையது அழிந்தது. 2020 டிசம்பரில் வந்த பாஷ் 5.1, ப்ராம்ப்ட்_கமாண்டை அர்ரேயாகவும் வைத்துக்கொள்ள வழி செய்ததால் அந்தச் சண்டை தீர்ந்தது.

ப்ராம்ப்ட் கொக்கிக்கு இன்னொரு நன்மை உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. அது ஆள் உட்கார்ந்து பயன்படுத்தும் ஷெல்லில் மட்டுமே ஓடும். பாஷ்ஆர்சியில் நேரடியாகத் தலைப்பை எழுதும் வரி ஒன்றைப் போட்டுவைத்தால், எஸ்சிபியோ ஆர்சிங்கோ அந்தக் கணினியைத் தொடும்போது எதிர்பாராத எழுத்துகள் நடுவில் புகுந்து கோப்புப் பரிமாற்றம் முறியும். ப்ராம்ப்ட்டே வராத இடத்தில் தலைப்பும் எழுதப்படாது என்பது தானாகக் கிடைக்கும் பாதுகாப்பு. எந்த டெர்மினலில் எழுதலாம் என்பதை முடிவுசெய்வதில்தான் இன்னும் தெளிவில்லை. டெபியன் வரி, டெர்ம் மாறியின் மதிப்பு எக்ஸ்டெர்ம் அல்லது ஆர்எக்ஸ்விடி என்று தொடங்கினால் மட்டும் தலைப்பை எழுதும். அலாக்ரிட்டி, ஃபுட் என்ற டெர்மினல்கள் அதில் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொள்கின்றன. ஒரே டெர்மினலுக்குள் பல ஷெல்களை ஓட்ட உதவும் டிமக்ஸுக்குள் அந்த மாறி ஸ்கிரீன் என்றோ டிமக்ஸ் என்றோ தொடங்கும். தலைப்பைக் காட்டத் தெரிந்த டெர்மினல்களிலேயே இப்படித் தலைப்பு வராமல் போகிறது. டெர்மின்ஃபோ என்ற பொதுத் தரவுத்தளத்தைக் கேட்கலாம் என்றால், எக்ஸ்டெர்மின் வழக்கமான பதிவிலேயே தலைப்புக்கு உதவும் நிலைவரித் திறன் குறிக்கப்பட்டிருப்பதில்லை. எனவே தெரியாத பெயரைக் கண்டால் ஒதுங்குவதைவிட, லினக்ஸ் கன்சோல், டம்ப் என்று தலைப்பே இல்லாத இரண்டு மூன்றை விலக்கிவிட்டு மற்றவற்றில் எழுதுவதுதான் இன்றைக்குப் பொருத்தம்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். கட்டளை முடிந்து ப்ராம்ப்ட் வரும்போது எழுதினால், கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் நாற்பது நிமிடமும் தலைப்பு பழைய செய்தியையே சொல்லுமே என்பது முதலாவது. இது சரியான கேள்வி. இசட்ஷெல்லிலும் ஃபிஷ்ஷிலும் விடை எளிது. கட்டளையைப் படித்து முடித்து ஓட்டுவதற்கு முன் இசட்ஷெல் பிரீஎக்ஸெக் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த வரியையும் கையில் கொடுக்கும். ஃபிஷ்_டைட்டில் கட்டளைக்கு முன்பும் பின்பும் ஓடும். பாஷில்தான் சிக்கல். அங்கே நெடுங்காலம் டீபக் ட்ராப்பை வைத்துச் சமாளித்தார்கள். அது ஒவ்வோர் எளிய கட்டளைக்கு முன்பும் ஓடுவது. பைப்பால் இணைத்த ஒரு வரியில் பலமுறை ஓடும். ப்ராம்ப்ட்_கமாண்டுக்குள் இருப்பவற்றுக்கும் ஓடும். தலைப்பு மினுங்கி, கடைசியில் பொருத்தமில்லாத ஒன்றில் நிற்கும். 2016-இல் பாஷ் 4.4 தந்த பிஎஸ்0 இதைவிடச் சுத்தமானது: வரியைப் படித்த பிறகு, ஓட்டுவதற்கு முன், ஒருமுறை மட்டும் விரிக்கப்படுகிறது. ஆனால் கட்டளைக்கு முன் இப்படி எழுதுவது, ப்ராம்ப்ட் நேரத்தில் எழுதுவதற்குத் துணைதான், மாற்று அல்ல. தொடக்கத்தில் எழுதியதை முடிவில் ப்ராம்ப்ட் கொக்கி திருத்தாவிட்டால், முடிந்துபோன கட்டளையின் பெயர் அப்படியே நிற்கும். மேலும், முழு வரியையும் தலைப்பில் போடுவதை நான் ஏற்க மாட்டேன். கட்டளை வரியில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வது கெட்ட பழக்கம், ஆனால் நடக்கிறது. தலைப்பில் ஏறிய சொல் பணிப்பட்டையிலும் திரைப் பகிர்விலும் தெரியும். எக்ஸ் விண்டோவில் அதே திரையை இணைத்திருக்கும் எந்த நிரலும் அதைப் படிக்கலாம். கட்டளையின் முதல் சொல் போதும். சூடோ, எஸ்எஸ்எச் போன்றவை முதலில் வந்தால் அவற்றைத் தாண்டி அடுத்த சொல்லை எடுக்கலாம். இசட்ஷெல்லுக்கான ஆயத்த அமைப்புத் தொகுப்பான ஓ மை இசட்ஷெல், தாவலின் தலைப்புக்கு அப்படித்தான் செய்கிறது.

இரண்டாம் எதிர்வாதம் இன்னும் வலுவானது. ஷெல்லுக்கு ஏன் இந்த வேலை? டெர்மினலுக்குத் தன் கீழ் ஓடும் நிரல் எது என்று தெரியும். லினக்ஸில் ப்ராக் கோப்புமுறையைப் பார்த்தால் அந்த நிரல் நிற்கும் கோப்புறையும் தெரியும். பயனர் ஒரு வரிகூட எழுத வேண்டாமே. டிமக்ஸ் இப்படித்தான் சாளரங்களுக்குத் தானாகப் பெயரிடுகிறது. உள்ளூர் வேலைக்கு இது நன்றாகவே ஓடும். எஸ்எஸ்எச் ஓடத் தொடங்கியதும் நின்றுவிடும். டெர்மினலுக்குத் தெரிவது எஸ்எஸ்எச் என்ற நிரல் மட்டும்; அதன் மறுமுனையில் இருப்பது டிபி1-ஆ டிபி2-ஆ, அங்கே எந்தக் கோப்புறை, ரூட் பயனரா என்பதெல்லாம் அதன் கைக்கு எட்டாது. தலைப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில்தான் இந்த முறை கைவிடுகிறது. நடுவழி ஒன்றும் உருவாகியிருக்கிறது. எண் 0, 2 போல எண் 7 என்று ஒரு கட்டுப்பாட்டு வரிசை. அதில் ஷெல் தன் கணினிப் பெயரையும் கோப்புறையையும் ஒரு கோப்பு முகவரியாக எழுதி அனுப்பும். மேக்கில் ஆப்பிளின் டெர்மினலும், க்னோமின் விடிஇ நூலகமும் இதைப் பயன்படுத்துகின்றன. புதிய தாவல் திறந்தால் அதே கோப்புறையில் திறப்பது இதனால்தான். உண்மையை ஷெல் சொல்கிறது, வாசகத்தை டெர்மினல் அமைக்கிறது. நல்ல வேலைப்பிரிவினை, நாளைக்கு இதுவே வழக்கமாகலாம். ஆனால் இங்கும் செய்தி பிறப்பது ஷெல்லின் ப்ராம்ப்ட் கொக்கியில்தான்.

மூன்றாவது, பாதுகாப்பு பற்றியது. இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2003 பிப்ரவரியில் எச். டி. மூர் டெர்மினல் மென்பொருள்களின் பாதுகாப்புக் குறைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அன்றைய பல டெர்மினல்களில், ஒரு கட்டுப்பாட்டு வரிசையை அனுப்பினால் தற்போதைய தலைப்பைத் திருப்பித் தரும் வசதி இருந்தது. எங்கே தரும்? பயனர் விசைப்பலகையில் தட்டியதுபோல, உள்ளீட்டில் தரும். ஆக, தீயவர் ஒரு கோப்புக்குள் இரண்டு வரிசைகளைப் புதைத்துவைக்கலாம்: முதலாவது தலைப்பில் ஒரு கட்டளையை எழுதும், இரண்டாவது அதைத் திருப்பிக் கேட்கும். அந்தக் கோப்பைத் திரையில் காட்டியவரின் ப்ராம்ப்ட்டில், அவர் தட்டாத கட்டளை வந்து நிற்கும். எக்ஸ்டெர்மில் இருந்த இந்தக் குறை சிவிஇ-2003-0063 என்று பதிவானது. இப்போது எக்ஸ்டெர்ம் உட்படப் பல டெர்மினல்கள் தலைப்பைத் திருப்பித் தருவதை இயல்பாகவே முடக்கி வைத்திருக்கின்றன. கவனியுங்கள்: ஆபத்து இருந்தது படிப்பதில், எழுதுவதில் அல்ல. இரண்டாவது ஆபத்து நம் பக்கம் இருப்பது. யூனிக்ஸ் கோப்புறைப் பெயரில் சாய்கோட்டையும் பூஜ்ய பைட்டையும் தவிர எதுவும் வரலாம், எஸ்கேப்பும் பெல்லும்கூட. யாரோ தந்த சுருக்கக் கோப்பை விரித்து உள்ளே போனால், அந்தப் பெயரை அப்படியே தலைப்பில் எழுதும் கொக்கி, அவர் புதைத்த வரிசையை நம் டெர்மினலுக்கு நம் கையாலேயே அனுப்பும். இசட்ஷெல்லில் பிரிண்ட் கட்டளையை ப்ராம்ப்ட் விரிவாக்கத்தோடு பயன்படுத்தினால் அபாயம் இன்னும் ஒரு படி மேலே. 2021-இல் ஓ மை இசட்ஷெல்லின் டைட்டில் ஃபங்ஷனில் இந்த வகைக் குறையே சிவிஇ-2021-3726 என்று பதிவானது. அந்தத் திட்டம் தன் குறிநிரலுக்குள் அதைப் பாதுகாப்பாகத்தான் பயன்படுத்தியிருந்தது. பயனர்கள் தாமே எழுதிச் சேர்த்த வரிகளில்தான் அது கடிக்கக்கூடியதாக இருந்தது. மருந்து சிக்கலானது அல்ல. வாசகத்தை விரிவாக்கம் இல்லாமல் அச்சிட வேண்டும். அதற்கு முன் கட்டுப்பாட்டு எழுத்துகளை நீக்க வேண்டும். பாஷிலும் இசட்ஷெல்லிலும் ஷெல்லின் உள்ளிருக்கும் மாற்றீடு ஒன்றே இதைச் செய்துவிடும். இந்த வரி இல்லாத தலைப்புக் கொக்கியை நான் முழுமையானதாகக் கருத மாட்டேன்.

தமிழில் கோப்புறைகளுக்குப் பெயரிடுவோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று இந்த இடத்தில் வருகிறது. யுடிஎஃப்-8 குறியீட்டில் தமிழ் எழுத்துக்கும், கால், கொம்பு போன்ற குறிகளுக்கும் தனித்தனியே மூன்று பைட்டுகள். ‘ஜ’ என்ற எழுத்தின் பைட்டுகள் 224, 174, 156. பழைய 8-பிட் கட்டுப்பாட்டு மரபில் 156 என்ற பைட்டுக்கு ஒரு பொருள் உண்டு: அதுதான் ‘ஸ்ட்ரிங் டெர்மினேட்டர்’, தலைப்பு இதோடு முடிந்தது என்ற அறிவிப்பு. யுடிஎஃப்-8 முறையில் ஓடும் டெர்மினல் மூன்று பைட்டுகளையும் சேர்த்து ஓர் எழுத்தாகப் படிக்கும், சிக்கல் இல்லை. மொழிச் சூழல் சரியாக அமையாமல் 8-பிட் முறையில் ஓடும் டெர்மினலில் ‘ராஜராஜன்’ என்ற கோப்புறைக்குள் போனால், முதல் ‘ஜ’ வந்ததுமே தலைப்பு முறியும்; எஞ்சிய பைட்டுகள் ப்ராம்ப்ட்டுக்கு முன்னால் குப்பையாகக் கொட்டும். பார்ப்பவர் தமிழ்ப் பெயரைக் குற்றம் சொல்வார். பெயரில் குற்றமில்லை, மொழிச் சூழல் மாறிகளைப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டு எழுத்துகளை நீக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை: பைட் பைட்டாக 128 முதல் 159 வரை உள்ளவற்றை வெட்டினால் தமிழ் எழுத்துகள் சிதையும். எழுத்து எழுத்தாகப் பார்த்துத்தான் நீக்க வேண்டும்.

இனி வாசகத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது. பணிப்பட்டையும் தாவலும் தலைப்பை வலது பக்கத்தில் வெட்டுவதே வழக்கம். ஆகவே முக்கியமானது முதலில் வர வேண்டும். டெபியனும் ஃபெடோராவும் பயனர் பெயர், கணினிப் பெயர், முழுப் பாதை என்ற வரிசையை வைத்திருக்கின்றன. ஒரே பயனராக ஒரே கணினியில் வேலை செய்பவருக்கு எல்லாத் தாவல்களிலும் ஒரே தொடக்கம். வேறுபடும் பகுதி வெட்டுப்பட்டுவிடும். உள்ளூரில் கோப்புறையின் கடைசிப் பெயர் முன்னால் இருக்கட்டும். எஸ்எஸ்எச் வழியாக வந்திருந்தால் கணினிப் பெயர் முன்னால் வரட்டும்; இதை அறிய எஸ்எஸ்எச்_கனெக்‌ஷன் என்ற மாறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ரூட் என்றால் அதற்கு முன்னால் ஒரு குறி. கணினிப் பெயரைச் சுருக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும்: டிபி1 என்று மட்டும் எழுதினால் அது சோதனைச் சூழலின் டிபி1-ஆ, உற்பத்திச் சூழலின் டிபி1-ஆ என்று தெரியாது. வேகத்தையும் கெடுக்கக் கூடாது. கணினிப் பெயரும் கோப்புறையும் ஷெல்லின் மாறிகளிலேயே இருக்கின்றன. அவற்றை எழுத ஒரு புது நிரலைக்கூடத் தொடங்க வேண்டியதில்லை. கிட் கிளையின் பெயர் வேண்டும் என்று ஒவ்வொரு ப்ராம்ப்ட்டுக்கும் வெளி நிரல்களைக் கூப்பிடத் தொடங்கினால், என்டர் தட்டும் ஒவ்வொரு முறையும் அதற்கு விலை கொடுக்க வேண்டும். அந்தத் தகவலுக்கு ப்ராம்ப்ட்டே இடம்.

உங்கள் ஷெல்லில் ஏற்கெனவே ஒரு தலைப்புக் கொக்கி இருக்கலாம். விநியோகம் தந்ததோ, நண்பர் தந்ததோ, எதுவானாலும் அதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஒரு சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போய்த் திரும்புங்கள். விம்மில் தலைப்பு வசதியை இயக்கி ஒரு கோப்பைத் திறந்து மூடுங்கள். ‘ராஜராஜன்’ என்று ஒரு கோப்புறை உண்டாக்கி உள்ளே போங்கள். பெல் எழுத்தைப் பெயரில் கொண்ட இன்னொரு கோப்புறை உண்டாக்கி அதற்குள்ளும் போங்கள். நான்கு முறையும் தலைப்பில் இருப்பது நீங்கள் நிற்கும் இடம்தான் என்றால், அந்தக் கொக்கியை நம்பி வேலை செய்யலாம். ஒன்றில் தவறினாலும், அதைத் திருத்தும்வரை தலைப்பைப் பார்த்து எதையும் அழிக்காதீர்கள்.